சாயும் இறக்கை

பெரியப்பா எனக்குக் கட்டிக்கொடுத்த முதல் பட்டம் ஒழுங்காகப் பறக்கவில்லை. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் இருக்கும் பாகான் ஆஜாம் கடற்கரையில் எழும்பியதுமே இடது பக்கம் சாயும். சாய்ந்தபடியே ஒரு வட்டம் போட்டு மணலில் குத்தும். எனக்கு அப்போது ஒன்பது வயது. இன்னும் ஒரு முழம் வால் சேர்த்துவிடலாம் என்றேன். "சேர்த்தால் பறக்கும்மா. ஆனால் எதனால் சாய்ந்தது என்பது உனக்கும் எனக்கும் தெரியாமலே போய்விடும்" என்றார். பட்டத்தை வாங்கி, அதன் நடுத்தண்டை விரல் நுனியில் ஏந்திப் பார்த்தார். குறுக்கு மூங்கிலின் இடது பாதி மெல்லத் தாழ்ந்தது. பேனாக்கத்தியால் அந்தப் பக்கத்தை நாலைந்து முறை சீவினார். மறுபடி விரலில் ஏந்தியபோது இரண்டு பக்கமும் சமமாக நின்றன. அன்று மாலை அந்தப் பட்டம் இருட்டும்வரை இறங்கவில்லை.

பக்கத்து வீட்டு மலாய்க்காரர் ஆள் உயரத்துக்கு வாவ் என்னும் மலாய்ப் பட்டம் கட்டுபவர். பட்டத்தின் தண்டில் இரண்டு இடங்களில் கட்டிக் கைநூலோடு சேர்க்கும் கயிற்றை நாம் சூத்திரம் என்கிறோம். யாழ்ப்பாணத்து வழிவந்தவர்கள் முச்சை என்பார்கள். அவர் அதைத் தெராஜு என்பார். மலாயில் தெராஜு என்றால் தராசு என்றும் பொருள். பாரசீகத்தில் தராஸு என்று இருந்த சொல், தமிழில் தராசாகவும் மலாயில் தெராஜுவாகவும் தங்கிவிட்டது. பட்டத்தின் கயிற்றுக்கு எடை பார்க்கும் கருவியின் பெயரை வைத்தவர்கள் பறத்தலை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

பெரியப்பா பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்தில் விமான உடற்பகுதியைப் பழுதுபார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் அளவியல் கூடத்தில் வேலை செய்கிறேன். அளக்கும் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று அளந்து பார்ப்பது என் வேலை. நாங்கள் இருவரும் சேர்ந்து, பிறை என்னும் ஊரில் வாடகைக்குக் கிடைத்த ஒரு பழைய லாரிக் கொட்டகையில், ஆறு ஆண்டுகளாக ஒவ்வொரு வார இறுதியிலும் ஒரு விமானம் கட்டினோம். பெட்டிகளில் வந்த பாகங்களைக் கொண்டு கட்டும் வகை. அலுமினியத் தகட்டு உடல், இரண்டு பேர் பக்கம்பக்கமாக உட்காரும் இருக்கை, தலைக்கு மேலே இறக்கை, இறக்கையைக் கீழிருந்து தாங்கும் தண்டுகள், வாலில் ஒரு சிறு சக்கரம். அனுமதிகள், ஆய்வுகள், கையெழுத்துகள் ஆகியவற்றைப் பற்றி எழுதினால் இன்னொரு கட்டுரையாகிவிடும்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: இது பறக்குமா? போதுமான வேகம் கொடுத்தால் எதுவும் பறக்கும். கையை எடுத்துவிட்டால் நேராகப் பறக்குமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு இரவெல்லாம் இருந்த கவலை அதுதான்.

ஒரு விமானம் தானாக நிலைகொள்ள வேண்டும் என்ற எண்ணம் பழையது. 1804இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் கேய்லி செய்த சிறு மாதிரியில் இறக்கையாக இருந்தது ஒரு சாதாரணக் காகிதப் பட்டம்தான். அதை ஒரு கோலில் பொருத்தி, பின்னால் கோணம் மாற்றக்கூடிய ஒரு வாலை வைத்து, முன்னால் எடையைத் தள்ளிவைத்துச் சமநிலை பார்த்தார். 1871இல் பாரிஸில் அல்போன்ஸ் பெனோ ரப்பர் முறுக்கில் ஓடும் ஒரு மாதிரியைப் பறக்கவிட்டார். அது யாரும் தொடாமல் 11 விநாடிகள் நிலையாகப் பறந்தது. வால் இறக்கையைவிடச் சற்றுக் கீழ்நோக்கிய கோணத்தில் இருந்ததுதான் அதன் ரகசியம். ரைட் சகோதரர்களின் 1903 விமானத்துக்கு அந்தக் குணம் இல்லை. ஓட்டியவர் ஒவ்வொரு கணமும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மனிதர்கள் பறந்ததன் பெருமையை யாரும் குறைக்க முடியாது. ஆனால் என் மனம் பெனோவின் அந்த 11 விநாடிகளிடமே போகிறது.

வழக்கமான அமைப்புள்ள விமானத்தை ஒரு தராசாக நினைத்துக்கொள்ளுங்கள். இறக்கையின் தூக்குவிசை தராசைப் பிடித்திருக்கும் கை. அதற்குச் சற்று முன்னால் விமானத்தின் ஈர்ப்பு மையம் இருக்கிறது. அதனால் மூக்கு தாழப் பார்க்கிறது. வெகு பின்னால் இருக்கும் வால் கீழ்நோக்கி அழுத்தி அதைச் சமன்செய்கிறது. வாலும் சேர்ந்து தூக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது கீழேதான் தள்ளுகிறது. இப்போது ஒரு காற்று மூக்கை மேலே தூக்குகிறது என்று வையுங்கள். இறக்கையிலும் வாலிலும் தூக்குவிசை கூடுகிறது. கூடிய விசை முழுவதும் ஒரே புள்ளியில் வேலை செய்வதாகக் கணக்கிடலாம். அதற்கு நடுநிலைப் புள்ளி என்று பெயர். ஈர்ப்பு மையம் அந்தப் புள்ளிக்கு முன்னால் இருக்கும்வரை மூக்கு தானாகத் திரும்பிக் கீழே வரும். இரண்டும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டால் விமானம் எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும். ஈர்ப்பு மையம் இன்னும் பின்னால் போனால் சிறு சாய்வுகூடத் தானாகவே வளரும். சுழன்று விழுந்தால் மீள்வதும் கடினம். ஆகவே விமானத்தின் குணத்தைத் தீர்மானிப்பது சில சென்டிமீட்டர்கள்.

அந்தச் சென்டிமீட்டர்களை நாங்கள் டுரியான் பழம் நிறுக்கும் தராசில் கண்டுபிடித்தோம். பாலிக் பூலாவில் மொத்த வியாபாரம் செய்யும் பெரியப்பாவின் நண்பர், பருவம் இல்லாத மாதத்தில் மூன்று எடை மேடைகளைக் கொடுத்து உதவினார். சரிபார்த்த எடைக்கற்களை வைத்து மூன்றையும் முதலில் நான் சோதித்தேன். பிறகு ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் ஒரு மேடையை வைத்து, வாலைப் பறக்கும் நிலைக்கு உயர்த்தி எடை பார்த்தோம். முன் சக்கரங்கள் இரண்டிலும் சேர்த்து 290 கிலோ. வாலில் 22 கிலோ. இறக்கையின் முன் விளிம்பைத் தொடக்கமாகக் கொண்டால், முன் சக்கர அச்சு 6 சென்டிமீட்டர் பின்னால். வால் சக்கரம் 450 சென்டிமீட்டர் பின்னால். எடையைத் தூரத்தால் பெருக்கிக் கூட்டி மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம் 37.3 சென்டிமீட்டரில் வந்தது. இரண்டு பேரும் எரிபொருளும் 15 கிலோ சாமானும் ஏறினால் 43.5. எங்கள் விமானத்துக்கான பின் எல்லை 44. பெரியப்பா மகிழ்ச்சியில் எல்லோருக்கும் தே தாரே என்னும் பால் தேநீர் வாங்கித் தந்தார்.

அதன்பிறகு வண்ணம் அடித்தோம். வாலில் வெள்ளையும் சிவப்பும், அவர் விரும்பியபடி. திரும்ப எடை பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். வாலருகே கூடியிருந்தது வெறும் ஒன்றரைக் கிலோ. ஆனால் அது நாலரை மீட்டர் நீளக் கோலின் கடைசியில் உட்கார்ந்திருந்தது. சாமானோடு கணக்கிட்டால் 44.6, எல்லையைத் தாண்டிவிட்டது. அழகுக்கு அடித்த வண்ணம் சாமான் வைக்கும் உரிமையையே பறித்துக்கொண்டது. இருக்கைக்குப் பின்னால் இருந்த 7 கிலோ பேட்டரியை இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கும் சுவரின் முன்பக்கத்துக்கு மாற்றினோம், ஏறக்குறைய 180 சென்டிமீட்டர் முன்னால். ஈர்ப்பு மையம் 42.2க்குத் திரும்பியது. மூக்கில் ஈயம் கட்டியும் இதைச் செய்திருக்கலாம். ஈயம் சுமையைத் தவிர வேறெதற்கும் உதவாது. பேட்டரி எப்படியும் பறந்துதான் ஆக வேண்டும். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்ப்பதற்கு இறக்கை நுனிகளின் பின் விளிம்பில் இருக்கும் அசையும் பகுதிகளான ஐலரான்களையும் வண்ணம் காய்ந்த பிறகு மறுபடி எடைச்சமன் பார்த்தோம். அவற்றின் பின்பக்கம் கனத்துப்போனால் ஒரு வேகத்தில் படபடவென்று அதிரத் தொடங்கி விமானத்தையே உடைத்துவிடக்கூடும்.

அடுத்தது ரிக்கிங். இறக்கை, வால், தண்டுகள், கேபிள்கள் ஆகியவற்றை ஒன்றுக்கொன்று சரியான கோணத்தில் நிறுத்துவது. இதற்கு நாங்கள் பயன்படுத்திய கருவிகள் வீடு கட்டும் மேஸ்திரியிடம் இருப்பவைதான்: தூக்குக்குண்டு, ரசமட்டம், தண்ணீர் நிரப்பிய நீளக் குழாய், நாடா. அவற்றோடு என் டிஜிட்டல் கோணமானியும் ஒன்று. வாலில் இருக்கும் சுக்கான் தூணிலிருந்து இரண்டு இறக்கை நுனிகளுக்கும் உள்ள தூரம் சமமாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அறையின் மூலைவிட்டத்தை அளப்பது போலத்தான். தண்டுள்ள விமானத்தில் முன் தண்டின் நீளம், இறக்கை நுனி எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதைத் தீர்மானிக்கும். பின் தண்டின் நீளம் இறக்கையின் முறுக்கைத் தீர்மானிக்கும். முறுக்கு என்றால், உடலருகே இருக்கும் கோணத்தைவிட நுனியில் கோணம் சற்றுக் குறைவாக இருப்பது. அப்படி இருந்தால், வேகம் குறைந்து இறக்கை தூக்கும் திறனை இழக்கும்போது, அதாவது தூக்குவிசை உடையும்போது, நுனி கடைசியில்தான் விடும்; ஐலரான் அதுவரை கைக்கு அடங்கியிருக்கும். எங்களுக்குச் சொல்லப்பட்ட முறுக்கு 2 பாகை.

ஓட்டுநரின் அசைவை ஐலரானுக்கும் வாலுக்கும் கொண்டுபோகும் கேபிள்களைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அலுமினியம் வெயிலில் எஃகைவிட இரு மடங்கு விரிகிறது. விடியற்காலை 24 டிகிரியில் பதமாக இழுத்துக் கட்டிய எஃகுக் கேபிள், நண்பகல் 33 டிகிரியில் உடல் நீண்டுவிடுவதால் இன்னும் இறுகியிருக்கும். எனவே இழுவிசையை அளக்கும்போது வெப்பத்தையும் பக்கத்தில் எழுதிவைத்தேன். கேபிளை இறுக்கும் திருகு இணைப்பான டர்ன்பக்கிளின் உருளைக்கு வெளியே மூன்று மரைகளுக்கு மேல் தெரியக்கூடாது. பிறகு அது அவிழாதபடி கம்பி சுற்றிப் பூட்ட வேண்டும். பெரியப்பா ஒவ்வொரு கேபிளையும் பருத்தித் துணியால் உருவிப் பார்ப்பார். எங்காவது ஒரு மெல்லிய இழை அறுந்திருந்தால் துணி மாட்டிக்கொள்ளும். கடற்காற்றில் இருக்கும் நமக்கு அந்தத் துணி மிக அவசியம்.

எல்லாம் கட்டி முடித்ததும் அவர் என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தார். "ஓட்டும் கோலைப் பிடித்துக் கட்டைவிரலை மேலே நீட்டு. இடது பக்கம் சாய். கட்டைவிரல் எந்த இறக்கையைக் காட்டுகிறது?" இடது. "அந்த ஐலரான் மேலே எழுந்திருக்கிறதா?" எழுந்திருந்தது. சிறுபிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போலத் தோன்றியது. பிறகு அவர் ராய் சாட்விக்கைப் பற்றிச் சொன்னார். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்தவர். 1947 ஆகஸ்ட் 23 அன்று இங்கிலாந்தின் உட்ஃபோர்டில் ஆவ்ரோ டியூடர் விமானத்தின் சோதனைப் பறப்பில் இறந்துபோனார். முந்தைய இரவு நடந்த பராமரிப்பில் ஐலரான் கேபிள்கள் மாறிக் கட்டப்பட்டிருந்தன. அவ்வளவு பெரிய வடிவமைப்பாளர் உள்ளே உட்கார்ந்திருந்தும், கட்டைவிரலை நீட்டிப் பார்க்கும் ஒரு கணம் அந்தக் காலையில் தவறிப்போயிற்று.

இறக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றி, வடக்கே ஒரு சிறு ஓடுபாதைக்குக் கொண்டுபோனோம். அங்கே மறுபடி பூட்டி, மறுபடி அளந்து, அனுபவமுள்ள ஒரு சோதனை விமானியிடம் ஒப்படைத்தோம். முதல் பறப்பு 25 நிமிடம். இறங்கி வந்து இரண்டு குறைகள் சொன்னார். சமமட்டப் பறப்பில் வலது காலால் சுக்கான் மிதியைச் சற்று மிதித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அத்துடன், கையை விட்டால் இடது இறக்கை சாய்கிறது.

முதல் குறைக்குக் காரணம் தெரிந்ததே. ஓட்டுநர் பக்கமிருந்து பார்த்தால் மூக்கில் இருக்கும் எங்கள் சுழலி வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அது தள்ளும் காற்று உடலைச் சுற்றிக்கொண்டு போய் செங்குத்தாக நிற்கும் நெடுவாலின் இடது பக்கத்தில் அடித்து மூக்கை இடப்பக்கம் திருப்பும். சுக்கானின் பின் விளிம்பில் இதற்காகவே ஒரு சிறு அலுமினியத் தகடு இருக்கிறது. சுக்கான் வலது பக்கம் போக வேண்டுமானால் தகட்டை இடது பக்கம் வளைக்க வேண்டும். வளைத்தோம், அடுத்த பறப்பில், சறுக்கலைக் காட்டும் பந்து நடுவில் நின்றது. காரணம் தெரிந்த இடத்தில் தகடு நேர்மையான மருந்து.

இடது இறக்கை இன்னும் சாய்ந்தது. "ஐலரானிலும் இதே போல ஒரு தகட்டை ரிவெட் செய்துவிடுங்கள். அரை மணி நேர வேலை" என்றார் விமானி. அவர் சொன்னதில் பிழை இல்லை; பல விமானங்கள் அப்படித்தான் பறக்கின்றன. பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். எனக்குப் பாகான் ஆஜாம் மணல் நினைவுக்கு வந்தது.

"கேப்டன், தகடு கடைசியில் வைக்கலாம். இன்னும் ஒரு பறப்பு பறந்து தருவீர்களா?" என்று கேட்டேன்.

அவர் தனியாக இடது இருக்கையில் உட்கார்ந்து பறந்திருந்தார். 75 கிலோ மனிதர் நடுக்கோட்டிலிருந்து 28 சென்டிமீட்டர் இடப்பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் தாழத்தானே செய்யும்? இரண்டு தொட்டிகளிலும் எரிபொருளைச் சமப்படுத்தினோம். வலது இருக்கையில் அதே எடைக்கு மணல் மூட்டைகளை வார்போட்டு இறுக்கிக் கட்டினோம். அவர் கையில் மீன் எடை பார்க்கும் ஒரு வில் தராசைக் கொடுத்தேன். இறக்கைகளைச் சமமாக நிறுத்த, கோலை எவ்வளவு விசையில் வலது பக்கம் இழுக்க வேண்டியிருக்கிறது என்று இரண்டு வேகங்களில் பார்த்துச் சொல்லச் சொன்னேன். உயரத்தில் வேகத்தைக் குறைத்துத் தூக்குவிசை உடையும்போது எந்தப் பக்கம் விழுகிறது என்றும் கேட்டேன்.

60 நாட் வேகத்தில் 300 கிராம். 85 நாட்டில் 600 கிராம். தூக்குவிசை உடையும்போது விழுந்தது வலது இறக்கை.

அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். கொட்டகை வாசலில் நின்று அதைப் படித்தபோது கைகள் நடுங்கின. ஒரு பக்கம் எடை கூடியிருந்தால், அந்த எடை வேகத்தோடு வளராது. வேகம் கூடக்கூட ஐலரானின் பலம் கூடும். ஆகவே கோலைக் குறைவாகத் திருப்பினாலே போதும்; இழுக்கும் விசை ஏறாது. இங்கே விசை, வேகத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறியிருக்கிறது: 60க்கு 85 என்றால் வர்க்கம் இரு மடங்கு, 300க்கு 600. எனவே குற்றம் எடையில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. இடது இறக்கை குறைவாகத் தூக்குகிறது. ஆனால் மெதுவான வேகத்தில் முதலில் விடுவதோ வலது இறக்கை. அதாவது வலது இறக்கை, இடதைவிடக் கூடுதல் கோணத்தில் காற்றைச் சந்திக்கிறது. பறக்கும்போது அதிகம் தூக்குவதும் அதுதான், முதலில் களைத்துப்போவதும் அதுதான். தரையிறங்கும்போது இறக்கைகளின் பின்பக்கம் தாழ்த்தும் இரண்டு ஃபிளாப்களும் சமமாக இருக்கின்றனவா என்று பார்த்தோம். ஒரு நூலிழை வித்தியாசமும் இல்லை. மிச்சம் இருந்தது முறுக்கு.

அளந்தேன். வலது 2.0 பாகை. இடது 2.4.

நான்தான் அளந்து பூட்டியிருந்தேன். கோணமானியில் பிழை இல்லை. அதை அந்த வாரமே சரிபார்த்திருந்தேன். பிறகு எப்படி? இரவு கொட்டகையில் உட்கார்ந்து என் குறிப்பேட்டைத் திருப்பிப் பார்த்தேன். பிறையில் வைத்து ரிக்கிங் செய்த நாளில், காலையில் உடலருகே கோணத்தை எடுத்து, வலது நுனியைப் பூட்டியிருந்தேன். மதிய உணவுக்குப் பின் இடது நுனி. இடையில் உடலருகே மறுபடி அளக்கவில்லை. வாலை உயர்த்தி நிறுத்தியிருந்தது ஒரு மரப்பெட்டி. மதியம் தரையைப் பெருக்கியபோது பெட்டியை நகர்த்தித் திரும்ப வைத்திருக்கிறார்கள், வேறொரு பக்கம் தரையில் படும்படி. பெட்டியின் ஒரு பக்கம் மற்றதைவிட 3 சென்டிமீட்டர் குட்டை. வால் தாழ்ந்து, மூக்கு 0.4 பாகை எழுந்து, விமானம் முழுவதும் அந்த அளவு சாய்ந்திருந்தது. நான் அந்தச் சாய்வை இறக்கையின் குற்றம் என்று எண்ணி, இடது நுனியை இன்னும் முறுக்கியிருந்தேன். ஓடுபாதையில் மறுபடி பூட்டியபோது தண்டுகளின் நீளத்தை மட்டும் பார்த்தேன். அது பிறையில் குறித்த நீளத்தோடு ஒத்துப்போனது. தவறான அளவு, தவறாமல் ஒத்துப்போயிற்று.

தகட்டை வைத்திருந்தால் இடது இறக்கை சாய்ந்திருக்காது. தாளில் குறை தீர்ந்தது என்று எழுதியிருப்போம். ஆனால் முறுக்கு வித்தியாசம் அப்படியே இருந்திருக்கும். தரையிறங்கும் வேளையில், தாழ்வான உயரத்தில், யாரோ ஒரு நாள் வேகத்தைச் சற்று அதிகமாகக் குறைத்திருந்தால் வலது இறக்கை முன்னறிவிப்பு இல்லாமல் விட்டிருக்கும். அந்த யாரோ பெரியப்பாவாக இருந்திருக்கலாம். அந்தத் தகடும் ஒரு வகை டிரிம்தான். டிரிம் என்பது சுமையும் வேகமும் மாறுவதற்கேற்ப ஓட்டுநரின் கையைத் தளர்த்துவதற்கு உள்ள ஏற்பாடு. கட்டும்போது செய்த தவறை அதன் தலையில் ஏற்றக்கூடாது என்பதில் எனக்கு இப்போது விட்டுக்கொடுக்க மனமில்லை.

காலையில் இறக்கைக்கு முட்டுக்கொடுத்து, இடது பின் தண்டின் கீழ்முனையைக் கழற்றினோம். அங்கே இருக்கும் கவட்டை மரையில் ஒரு சுற்று என்பது 1.27 மில்லிமீட்டர், தண்டின் சாய்வைக் கணக்கிட்டால் இறக்கையில் சுமார் 0.2 பாகை. இரண்டு சுற்று உள்ளே. உள்ளே போவதால் மரை கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். வெளியே எடுக்க வேண்டியிருந்தால் எவ்வளவு மரை உள்ளே மிச்சமிருக்கிறது என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். பூட்டி, உடலருகே அளந்து, நுனியில் அளந்து, மறுபடி உடலருகே அளந்தேன். இரண்டு பக்கமும் 2.0.

அன்று மாலை விமானி இறங்கி வந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பெரியப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தூக்குவிசை உடையும்போது மூக்கு நேராகக் கீழே போனது என்றார்.

சோதனைப் பறப்புகள் எல்லாம் முடிந்த பிறகு ஒரு காலையில் நான் வலது இருக்கையில் ஏறினேன். கீழே வயல்கள் தண்ணீர் நின்று கண்ணாடி போலக் கிடந்தன; மேற்கே கடல். 80 நாட் வேகத்தில் விமானி டிரிம் சக்கரத்தைத் திருப்பி, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். "செய்யுங்கள்" என்றார். நான் கோலை முன்னால் மெல்லத் தள்ளி விட்டுவிட்டேன். மூக்கு தாழ்ந்தது, வேகம் ஏறியது. ஏறிய வேகத்தில் மூக்கு தானாக எழுந்தது. எழுந்து உயரம் பிடித்து, வேகம் இழந்து, மறுபடி தாழ்ந்தது. யாரும் தொடவில்லை. ஒவ்வொரு அலையும் முந்தியதைவிடச் சிறியதாக இருந்தது. இறக்கைகள் தொடுவானத்தோடு ஒட்டியே நின்றன. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்காவது அலைக்குப் பிறகு, அலை எங்கே முடிந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

தரையிறங்கியதும் பெரியப்பா ஓடுபாதை ஓரத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். எப்படி இருந்தது என்று கேட்கவில்லை.

"ஒரு அலைக்கு எத்தனை விநாடிம்மா?"

"பத்தொன்பது, பெரியப்பா."

சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார்.